அணைந்துபோன விளக்குப்பொறி

"ஏனுங்க… என்ற லைட்டை ஆருங்க அமுத்துனது?"

கத்திக்கொண்டேதான் வரப்பில் வந்தான் கிருபாசங்கர். சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் அவனுடைய நெல்வயல். பூச்சிகளை வரவழைத்துத் தண்ணீர்த் தட்டில் விழவைக்கும் விளக்குப்பொறி இருட்டாகக் கிடந்தது. பத்தடி தள்ளி, பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெள்ளைத் துணி, அதன்மேல் ஒரு பல்பு, எதிரே கேமராவோடு ஒரு பெண்!

"நான்தானுங்க. நந்திதா. சிங்காநல்லூர்ல இருந்து பழனியாத்தாக்கா ஊட்டுக்கு வந்திருக்கேன். உங்க தட்டுல எத்தனை அழகு செத்து மிதக்குது, தெரியுமுங்களா?"

"அது குருத்துப்பூச்சிங்க! நெல்லத் தின்னுபோட்டா உங்க போட்டோவையா பொங்கித் திங்கறது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. துணியை விறுவிறுவென்று சுருட்டினாள்.

"நிலா அந்துப்பூச்சிக்காக மூணு நாளாக் காத்திருக்கேன். நாளைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி. உங்க லைட்டு எரிஞ்சா அது என்ற துணிக்கு வராதுங்க."

குரல் உடைந்தது. போய்விட்டாள்.

கிருபாசங்கருக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கண்கள்… திட்டு வாங்கும்போதும் பூச்சிகளை விட்டு நகராத கண்கள்! எழுந்துபோய்த் தட்டில் டார்ச் அடித்தான். குருத்துப்பூச்சிகளுக்கு நடுவே இளஞ்சிவப்பில் ஒரு சிறகு, பொன்வரி ஓடிய ஒரு சிறகு… ஐந்து வருடமாக இதையெல்லாம் பார்க்காமலே கொட்டியிருக்கிறான்.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர்த் தட்டைக் கழற்றினான். தன் புது வேட்டியை விளக்குக்குப் பின்னால் இழுத்துக் கட்டினான். பழனியாத்தாள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அக்கா… உங்க விருந்தாளிய வரச் சொல்லுங்க. லைட்டு ரெடி."

நள்ளிரவு தாண்டி வந்தது அது. உள்ளங்கை அகலம், வெளிர்பச்சை, நீண்டு தொங்கும் வால். வேட்டியில் மெல்ல அமர்ந்தது. நந்திதா மூச்சுவிட மறந்து நின்றாள். அவனோ அவளையே பார்த்து நின்றான். என்ன அழகு இந்தப் பொண்ணு!

"எடுங்க… பறந்துபோயிரப் போவுது!"

கிளிக்… கிளிக்… கிளிக்.

"உங்க நெல்லு?" கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"ஒரு ராத்திரி தின்னுட்டுப் போவட்டுங்க."

"நேத்தே சாரி சொல்லியிருக்கணும்… திமிருங்க எனக்கு."

"காலையில பஸ் ஏறிருவீங்களா?"

"ஆமாங்க."

"ஏறாதீங்க… எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க."

கேமரா அவள் முகத்தை விட்டு இறங்கவில்லை. அவன் வேட்டியைத் திரும்பிப் பார்த்தான். காலியாக இருந்தது.

"ஏனுங்க… பூச்சிதான் பறந்துபோச்சே. இன்னும் எதைப் பாக்கறீங்க?"

"உங்களத்தானுங்க" என்றாள் நந்திதா. "அப்பயிருந்தே உங்களத்தான் பாத்துட்டிருக்கேன்."