ஏழாம் எண் வண்டியின் கட்டை

தொகாஷி ஒருமுறைதான் கூவினார். இரண்டு முறை கேட்டது.

வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டி, "சிக்னல், பச்சை!" என்று அவர் சொன்னதும், அதே சொற்களை வண்டியின் பின்கோடியிலிருந்து இன்னொரு குரல் திருப்பிச் சொன்னது. சத்தம் அதிகமில்லை. ஆனால் கணீரென்று இருந்தது. அந்தப் பாதையில் ஓட்டுநர்கள் எதையும் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்க்காமல் விட்டதை வாய் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கணக்கு. முன்பெல்லாம் பின்னால் கார்டு நின்று அதைத் திருப்பிச் சொல்வார். கார்டுகளை வீட்டுக்கு அனுப்பி இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. இப்போது சிக்னல் பார்ப்பது, கதவு திறப்பது, கட்டணப் பெட்டியைக் கவனிப்பது எல்லாமே ஓட்டுநர் ஒருவரின் தலையில்தான்.

ரயில் பைத்தியங்களில் எவனோ கேலி செய்கிறான் என்று தொகாஷி நினைத்துக்கொண்டார். அன்று வண்டி நிறைய அவர்கள்தான். ஏழாம் எண் வண்டிக்கு அது கடைசி ஓட்டம். பிற்பகல் மூன்று மணிக்கே வானம் சாம்பல் பூத்து, பனி சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும், இருக்கைக்கு அடியில் சுடும் ஹீட்டரின் வாடையும், தரையின் இடுக்குகள் வழியே கசிந்து வரும் டீசல் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தன.

அரசு ரயில்வே கை கழுவிய மலைப்பாதை அது. வழியிலிருந்த ஊர்கள் சேர்ந்து அதை எடுத்து நடத்த முன்வந்தபோது, முழு ரயில் வாங்க வக்கில்லாமல், பஸ் கட்டுகிற பட்டறையின் பாகங்களை வைத்து ஏழு ஒற்றைப் பெட்டி வண்டிகள் செய்தார்கள். பஸ் ஜன்னல், பஸ்ஸின் மடிப்புக் கதவு, பஸ் இருக்கை, தரைக்கு அடியில் ஒரு டீசல் எஞ்சின். இரண்டு முனையிலும் ஓட்டுநர் மூலை. பயணிக்கும் ஓட்டுநருக்கும் நடுவே ஒரு இரும்புக் குழாய்தான் தடுப்பு. பிரேக் கைப்பிடி கழற்றி மாட்டக்கூடியது. பாதை முடிந்ததும் அதை உருவிக்கொண்டு மறுமுனைக்கு நடக்க வேண்டும். கைப்பிடி இல்லாத முனை செத்த முனை. எடை குறைவென்பதால் பனியில் சறுக்கும், பிரேக் போட்டால் குலுக்கித் தள்ளும். ஒன்றும் இரண்டும் வெளிநாட்டுக்கு விலை போயின. மூன்றைப் பனிச்சரிவு தின்றது. நான்கையும் ஐந்தையும் பிரித்து ஏழுக்கு உதிரிபாகம் போட்டார்கள். ஆறாம் எண் கடல் காற்றில் அடித்தகடு இற்றுப்போய்ப் பணிமனையின் பின்னால் நிற்கிறது.

மிஞ்சியது ஏழு. ஏழு என்றால் மினகாவா.

அங்கேதான் தொகாஷிக்கு வயிறு எரியும். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே படிப்பு, ஒரே சீருடை. ஆனால் மினகாவா நிறுத்தினால் மட்டும் வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நிற்கும். அவன் கூவினால் பனிக்காட்டில் நாலு மைல் கேட்கும். பயணிகள் அவனுக்குக் காய்ந்த பெர்சிமன் பழம் கொண்டுவந்து கொடுப்பார்கள். தொகாஷியிடம் சில்லறைதான் கேட்பார்கள். செத்து ஒரு வருடம் ஆகியும் அவன் பேச்சு ஓயவில்லை. கடைசி ஓட்ட விளம்பரத்தாளில்கூட அவன் படம்தான். ஓட்டுவது யார்? தொகாஷி. படம் யாருடையது? மினகாவாவுடையது.

இரண்டாவது நிலையத்தில் முட்டைக்காரி ஹட்சுயே ஏறினாள். முட்டைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தவள், சூடான காப்பி டின் ஒன்றைக் கட்டணப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"இது மினகாவாவுக்கு. நீங்க எடுத்துக் குடிச்சிடாதீங்க, தம்பி."

"நான் ஏம்மா குடிக்கிறேன்?"

"இன்னைக்காவது குலுக்காம ஓட்டுவீங்களா?"

"வண்டி பழசும்மா."

"வண்டி அப்பவும் இதேதான். அவன் ஓட்டுறப்ப என் முட்டை ஒண்ணுகூட உடைஞ்சதில்ல."

தொகாஷி கதவை மூடினார், விரலை நீட்டினார். "கதவு, மூடியாச்சு!"

"கதவு, மூடியாச்சு!" என்றது பின்கோடி.

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். பின்முனையின் ஓட்டுநர் மூலை காலியாக இருந்தது. பயணிகள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாயும் அசையவில்லை.

"பரவாயில்லையே, ரெண்டு ஆளா போட்டிருக்காங்க இன்னைக்கு!" என்றாள் ஹட்சுயே. "பின்னால நிக்கிறவருக்கு என்னா குரல்! கேட்டுக் கத்துக்குங்க."

பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது பொறாமை, பழகிய இடத்தில் பழகிய குத்தாக. பயம் அதன் பின்னால் மெதுவாக வந்து நின்றது. ஏனென்றால் அந்தக் குரல் எவருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, பணிமனையின் சரிவுப் பாதையில் ஏழாம் எண் நின்றிருந்தது. கடைசி ஓட்டத்துக்கு மினகாவாவைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். அடியில் உறைந்த பனிக்கட்டியைத் தட்டிவிட அவன் வண்டிக்குக் கீழே போனான். யாராவது கீழே போகுமுன் சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பது சட்டம். மேலே நிற்பவன் கட்டையை வைத்து, சுட்டிக் கூவ வேண்டும். மேலே நின்றது தொகாஷி.

"என்னப்பா தொகாஷி, கட்டை?" என்று கீழிருந்து கேட்டான் மினகாவா.

கட்டை தொகாஷியின் இடது கையில் இருந்தது. வலது கை விரல் வெறும் தண்டவாளத்தை நோக்கி நீண்டது. "கட்டை, சரி!"

மினகாவா அந்தச் சொல்லை நம்பினான். அந்தப் பாதையில் யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். குளிரில் பிரேக்கின் காற்று கசிந்து வண்டி நாலே அடி உருண்டது. தொகாஷி கட்டையைப் பனியில் போட்டுவிட்டு அலறினார். பனியில் கட்டை வழுக்கிவிட்டது என்று விசாரணை முடிந்தது. கூவியது தொகாஷி அல்லவா, அவர் ஒருநாளும் கூவத் தவறியவரில்லை.

மலையைக் குடைந்த குகைப்பாதை வந்தது.

வெளிச்சம் போனதும் முன்கண்ணாடி கறுப்பாகி, வண்டிக்குள்ளிருப்பது அதில் தெரிந்தது. விளக்கு, கம்பிகள், கைப்பிடி வளையங்கள். பின்கோடியில் ஒரு தொப்பி. எஞ்சின் உறுமல் குகைச் சுவரில் பட்டுத் திரும்பிக் காதை அடைத்தது, அதையும் மீறி அந்தக் குரல் வந்தது. இந்த முறை அவருக்கு முன்பாகவே.

"வேகம், நாற்பது!"

"வேகம், நாற்பது!" என்று தொகாஷி கத்தினார். குரல் பிசிறியது.

"வளைவு, கவனம்!" அது பிசிறவில்லை. கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓட்டுநர் திரும்பக் கூடாது. கண்ணாடியில் தொப்பி இப்போது வண்டியின் நடுவில் இருந்தது. பயணிகள் யாரும் அதற்கு வழிவிடவில்லை. வழி தேவைப்படவும் இல்லை.

குகை முடிந்தது. கடல். கறுத்த அலை. கண்ணாடியில் ஒன்றுமில்லை.

கடைசி நிலையத்தில் வண்டி நின்றது. தொகாஷி பிரேக்கை எப்போதும்போலத்தான் இழுத்தார். குலுக்கல் இல்லை. கட்டணப் பெட்டியின் மேலிருந்த காப்பி டின் இம்மியும் நகரவில்லை. ஹட்சுயே கூடையைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணுகூட உடையல. யாரு தம்பி நிறுத்துனது?"

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள். எல்லாரும் படம் எடுத்தார்கள், மினகாவாவின் படத்தை வண்டியின் முகப்பில் சாய்த்து வைத்து எடுத்தார்கள், பனி வலுத்ததும் கலைந்தார்கள். 'என்னுடைய கடைசி ஓட்டத்தையும் பிடுங்கிக்கொண்டானே!' தொகாஷிக்கு அழுகை வந்தது.

வண்டியை ஓரப்பாதையில் விட வேண்டும். கடலைப் பார்த்துச் சற்றே சரிந்த பாதை. விட்டார். எஞ்சினை அணைத்தார். பிரேக் போட்டு, கைப்பிடியை உருவிக் கோட்டுப் பைக்குள் வைத்தார், பையை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கைப்பிடி இல்லாமல் எவனாலும் பிரேக்கை விடுவிக்க முடியாது. கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இந்த முறை வைத்துவிடுவார். ஒழுங்காக வைத்துவிடுவார்.

சக்கரத்தடியில் பனிக்கட்டி உறைந்திருந்தது. கட்டை உட்காரவில்லை. மண்டியிட்டார். குனிந்தார். தலையையும் தோளையும் உள்ளே நுழைத்து, ஒரு கையைத் தண்டவாளத்தில் ஊன்றிக்கொண்டு சுரண்டினார். சூடு ஆறும் இரும்பு டிக், டிக் என்றது. எண்ணெய் சொட்டியது. எங்கும் ஆள் இல்லை.

முப்பது வருடப் பழக்கம். கீழே இருப்பவன் கேட்பான். அவர் வாய் தானாகக் கேட்டது.

"கட்டை?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. கட்டை அவர் கையில் இருந்தது.

மேலே ஜன்னல் இறங்கும் சத்தம்.

கையை இழுத்தார். வரவில்லை. ஈரக் கையுறை தண்டவாள இரும்பில் உறைந்து ஒட்டியிருந்தது. கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து வெள்ளைக் கையுறை போட்ட விரல் ஒன்று, கொஞ்சமும் நடுங்காமல், நேராக அவரைச் சுட்டியது.

"கட்டை, சரி!"

என்ன குரல்! அப்போதும் அவருக்கு வயிறு எரிந்தது.

புஸ்ஸென்று பிரேக்கின் காற்று இறங்கியது. கோட்டுப் பையில் கைப்பிடி விலாவை அழுத்தியது. அவர் கண்ணெதிரே, சக்கரத்தின் விளிம்பிலிருந்த பனித்தூள் பொல பொலவென்று உதிர ஆரம்பித்தது.