கரடிப்புடவில் நின்ற கடிகாரம்

"நீங்க வராட்டி நான் தனியா இறங்குவேன், சித்தப்பா."

பவளம் இடுப்பில் கயிற்றை முடிந்தாள். கீழே கரடிப்புடவு வாய் திறந்திருந்தது. குகையை மலைக்காரர்கள் புடவு என்பார்கள். பதினோரு வருடமாகப் பாறை அடைத்திருந்த உள்வழியை இந்த ஐப்பசி வெள்ளம் உடைத்துவிட்டது. அந்த அடைப்புக்குப் பின்னால் அவள் அப்பா சடையாண்டி கிடந்தார்.

அவள் சித்தப்பா என்று கூப்பிடும் தவசியும் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

அவரும் சடையாண்டியும் நண்பர்கள். சுவிஸ் பாக்கெட் கடிகாரம் சேர்ப்பவர்கள். அந்த நாட்டு மலை ரயில் ஒன்றின் ஐம்பதாம் ஆண்டு நினைவாகப் பத்து வகைக் கடிகாரம் செய்தார்கள். ஒன்பது தவசியிடம் இருந்தன. பத்தாவது சடையாண்டியின் மடியில்.

எஸ்டேட் துரை ஒருவர் புடவுக்குள் கடிகாரப் பெட்டியை ஒளித்துவைத்ததாக ஒரு பேச்சு. நம்பிப் போனார்கள். பெட்டி இல்லை. கல் சரிந்தது. தவசி மட்டும் வெளியே வந்தார்.

"கல் விழுந்து அப்பவே முடிஞ்சிருச்சு" என்று ஊரில் சொன்னார். யாரும் தோண்டவில்லை. அன்று பௌர்ணமி. வருடாவருடம் அந்தத் திதியில் பவளம் அப்பாவுக்கு இலை போட்டுப் படைத்தாள்.

"வௌவால் எச்சம்! வழுக்கும்!" மேலே கயிறு பிடித்திருந்த வேலப்பன் கத்தினான். தேனெடுப்பவன். "பெரியவரே, அந்தச் சந்துல உங்க தொப்பை நுழைஞ்சா யானையும் நுழையும்!"

"வாயை மூடிட்டுக் கயித்தைப் பிடிடா!"

அறுபது அடி. இடுப்பளவு தண்ணீர். பவளத்தின் கால் வழுக்கியது. தவசி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றினார். தலைக்கு மேல் ஒரு கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"நான் முதல்ல போறேன்" என்றார் தவசி.

வெள்ளம் உடைத்த சந்தில் ஊர்ந்து மறுபக்கம் விழுந்தார். டார்ச் ஒளியில் எலும்புகள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில். பக்கத்தில் சொட்டுச் சொட்டாகச் சுனை.

கல் எதுவும் அவர்மேல் விழுந்திருக்கவில்லை.

விரல் எலும்புகளுக்கிடையே கடிகாரம். தவசி மூடியைத் திறந்தார். முகப்பில் சின்ன ஜன்னல், அதற்குள் நிலா. உண்மையான நிலாவோடு சேர்ந்து வளரும், தேயும். அது பாதி தேய்ந்து நின்றிருந்தது.

ஒருமுறை சாவி கொடுத்தால் ஒரு நாள் ஓடும். அதற்கு மேல் ஓடாது.

அந்தப் பௌர்ணமிக்குப் பிறகும் யாரோ தினமும் சாவி கொடுத்திருக்கிறார்கள்.

அன்று கல் சரிந்தபின் உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "தவசி!" ஒரே முறை. எதிரொலி என்று தனக்குச் சொல்லிக்கொண்டு அவர் ஓடினார். பிறகு ஊருக்கும் பொய் சொன்னார்.

கடிகாரத்தின் விளிம்பில் ஒரு சிறு பொத்தான். ஊசியால் அழுத்தினால் நிலா நகரும்; பௌர்ணமிக்கே கொண்டுபோய்விடலாம். ஊசி சட்டைப்பையில் இருந்தது. எடுத்தார். பொத்தானில் வைத்தார்.

"சித்தப்பா! இருக்காரா?"

அதே சந்து. அதே இருட்டு. இந்த முறையும் பெயர் சொல்லி ஒரு குரல்.

ஊசியைக் கீழே போட்டார்.

"இருக்கான், ஆத்தா. வா."

பவளம் வந்தாள். எலும்புகளைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நிலா என்ன சொல்லுது?"

"தேய்பிறை அஷ்டமி."

"அப்பா பௌர்ணமியன்னிக்கே போயிட்டாருன்னு சொன்னீங்க."

"பொய். குரல் கேட்டுச்சு. பயந்து ஓடிட்டேன்."

அவள் சுனையில் கையை நனைத்தாள்.

"தண்ணியாவது இருந்திருக்கு" என்றாள்.

எலும்புகளைப் புதுத்துணியில் கட்டினாள். மேலே ஊரே கூடியிருந்தது. வேலப்பன் இருவரையும் இழுத்துக் கரையேற்றினான். கைதட்டல், விசில், மாலை. தவசி மாலையை வாங்கவில்லை. உள்ளே சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். கைதட்டல் நின்றது.

அடுத்த தேய்பிறை அஷ்டமியில் பவளம் இலை போட்டாள். தவசியைக் கூப்பிடவில்லை.

மறுநாள் அவளே அவர் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது கடிகாரங்களுக்கு அருகே பத்தாவதை வைத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா? எனக்கு அருகதை இல்ல."

"பரிசுன்னு நினைச்சீங்களா? எண்ணெய் போட்டு ஓட வைங்க. அப்பப்ப வந்து நிலாவைப் பார்ப்பேன். ஒரு நாள் விட்டாலும் எனக்குத் தெரிஞ்சிரும்."

வாசலில் நின்று திரும்பினாள்.

"அப்பா ஏழு நாள் சாவி கொடுத்தாரு. மிச்சத்தை நீங்க கொடுங்க."