மறு வருகை தேவையா?

மூன்று இருந்தது. ஐந்து இருந்தது. நடுவில் நான்கைத்தான் காணவில்லை...

பாச்சாங் பகுதியின் அந்த வீட்டு வரிசையை தேவிஸ்ரீ மோட்டார் சைக்கிளில் மூன்றாவது தடவையாகச் சுற்றியபோது மழை பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பையை மார்போடு அணைத்தபடி, ஒரு கேட்டுக்குள் குடையோடு நின்றவனிடம் போய் நின்றாள்.

"நாலாம் நம்பர் வீடு எங்கங்க? கட்டினவரு மறந்துட்டாரா?"

"இதுதான்."

"'3ஏ'ன்னு போட்டிருக்கு."

"சீனருங்களுக்கு நாலு ஆகாதே, சாவுன்னு கேக்குமாம்... அதனால போர்டுல 3ஏ. ஆனா மூணுக்கு அப்புறம் நாலுதானேன்னு அம்மா நாலுன்னுதான் சொல்வாங்க."

"அத போன்ல சொல்லணும்லா. அரை மணி நேரமா சுத்துறேன்."

"மன்னிச்சிடுங்க. நான் நிலம் அளக்கிற வேலை. ஊருக்கெல்லாம் நம்பர் போடுவேன்... சொந்த வீட்டுக்குத்தான் போடல."

அவள் திட்ட வாயைத் திறந்தாள். அவன் குடையை அவள் பக்கம் சாய்த்துவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்தான். மழைத்துளி நின்ற அந்த இமைகளைப் பார்த்ததும் திட்ட வைத்திருந்த வார்த்தை எங்கோ நழுவிவிட்டது...

அவன் பெயர் காண்டீபன். அவன் அம்மா கிருஷ்ணகுமாரி துவாலை கொண்டுவந்து கொடுத்தார். பிரிண்டர் நான்கு நாளாக வாயே திறக்கவில்லை என்று முறையிட்டார். மேசைக்கு அடியில் அவள் கேபிளைத் தேடியபோது காண்டீபன் குனிந்து கைபேசி வெளிச்சம் பிடித்தான். வெளிச்சம் கேபிளில் இல்லை, தன் முகத்தில் இருக்கிறது என்று அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"பிரிண்டருக்கு ஒண்ணும் இல்ல" என்றாள், எழுந்து திரையைப் பார்த்து. "அதுக்குப் பேப்பர வரிசையா அனுப்பிவைக்க உள்ள ஒண்ணு இருக்கு. ஸ்பூலர்னு பேரு. அது எழுந்திரிக்க மாட்டேங்குது. வரிசையில முதல்ல நிக்கிறது கெட்டுப்போச்சு... அதத் தூக்கப்போயி ஒவ்வொரு தடவையும் விழுந்துடுது."

ஊர் எது என்று கேட்டான். நியாலாஸ் என்றாள். எண்ணெய்ப்பனைத் தோட்டம், அப்பா பரமேஸ்வரன் குலை வெட்டியவர். அந்தப் பக்கம் தான் அளக்கப் போனதையும், மழையில் சாலை மறைந்து வழி தொலைந்ததையும் அவன் சொன்னான். அவள் சிரித்தாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்... ஒரு வாடிக்கையாளர் அப்படிக் கேட்பதில்லை.

வரிசையைத் திறந்தாள். பதினொரு தாள்கள் காத்திருந்தன. பதினொன்றுக்கும் ஒரே பெயர்: மணமகன் விவரம்.

"எல்லாத்தையும் அழிச்சிடவா?"

"அழிச்சிடுங்க" என்றான் மிக வேகமாக.

"ஒண்டாவது வேணும் தம்பி" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பொம்பிளை பாக்கிற சிரம்பான் மாமி இண்டைக்கு வாறா."

அழித்தாள். ஸ்பூலரை எழுப்பினாள். சோதனைக்கு அந்தத் தாளையே அனுப்பினாள். அது மெல்ல வெளியே வந்து அவள் கையில் விழுந்தது. கடைசி வரியைப் படிக்காமல் இருந்திருக்கலாம்... எதிர்பார்ப்பு: யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பெண்.

எழுதியவர் யாரையும் வைய எழுதவில்லை. அது அவளுக்குப் புரிந்தது. அவளோ யாழ்ப்பாணக் குடும்பம் இல்லை, தோட்டத்துக் குடும்பம். நியாலாஸ் என்ற தன் ஊர்ப்பெயர் அந்த அறையில் திடீரென்று சின்னதாகிப்போன மாதிரி இருந்தது.

"பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார் கிருஷ்ணகுமாரி. வேண்டாம் என்றாள். கடையின் வேலைச்சீட்டை நிரப்பினாள். அடியில் ஒரு கேள்வி: மறு வருகை தேவையா? 'இல்லை' கட்டத்தில் அவள் போட்ட கோடு தாளைக் கிழித்துவிட்டது. காண்டீபன் அதைப் பார்த்தான்.

மூன்று வாரம் போனது. அவன் இரண்டு முறை கடைக்கு மை வாங்க வந்தான். இரண்டு முறையும் அவள் பின்னறைக்குப் போய்விட்டாள். முதலாளி சேகரன்தான் விற்றார். மூன்றாம் வாரக் கடைசியில் போன் வந்தது. பிரிண்டர் மறுபடி எழுந்திரிக்கவில்லையாம்.

"நீங்க போங்கண்ணே" என்றாள்.

"எனக்கு சிம்பாங் அம்பாட்ல வேலை இருக்கு. அந்தம்மா உன்னையத்தான் அனுப்பச் சொல்றாங்க. வாசல்ல '3ஏ'ன்னு இருக்கும், சுத்த வேணாமாம்."

போனாள். அதே மேசை, அதே திரை. காண்டீபன் தள்ளி நின்றான். ஸ்பூலரின் பக்கத்தைத் திறந்தவள் புருவத்தைச் சுருக்கினாள். அது விழுந்து கிடக்கவில்லை. எழுந்திரிக்கவே கூடாதென்று முடக்கி வைக்கப்பட்டிருந்தது.

"இது தானா இப்படி ஆகாது. யாரோ கைய வச்சிருக்காங்க."

அவன் மழையைப் பார்த்தான்.

"யாருங்க?"

"முதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்..."

முடக்கத்தை நீக்கி எழுப்பினாள். பிரிண்டர் முனகியது. உள்ளே எப்போதோ அனுப்பி நிறுத்திவைத்த ஒரே ஒரு தாள் வெளியே வந்தது. மணமகன் விவரம். எல்லாம் பழையபடி. கடைசி வரி மட்டும் வேறு.

எதிர்பார்ப்பு: நியாலாஸ் ஊர்ப் பெண். மழையில் நின்று வீட்டு நம்பருக்குச் சண்டை போடத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்துகள் அவள் கண்ணீரில் அலைந்தன. "ஆன்ட்டி இத..." என்றாள்.

"திரையிலேயே வாசிச்சாங்க. ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அப்புறம் இன்னிக்குக் காலையில, 'போர்டுல என்ன எழுதியிருந்தா என்ன, வீடு நாலாவதுதானே'ன்னாங்க... கடைக்கு போனும் அவங்களே பண்ணாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "தேவி... மை வாங்கினதெல்லாம் உங்களப் பார்க்கத்தான். ரெண்டு பெட்டியும் அப்படியே இருக்கு. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. சொல்லத் தெரியாம பிரிண்டர நிறுத்திட்டேன்."

அவள் வேலைச்சீட்டை எடுத்தாள். 'பழுது' என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினாள். பேனா அடிக் கேள்வியில் வந்து நின்றது.

"அன்னிக்கு இதுல 'இல்லை'ன்னு போட்டேன்ல..." தலை நிமிராமலே சொன்னாள். "அப்புறம் நியாலாஸ் வரைக்கும் ஹெல்மெட்டுக்குள்ள அழுதுகிட்டே போனேன்."

'ஆம்' கட்டத்தில் மெல்ல ஒரு கோடு போட்டு, சீட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு சமையலறையைப் பார்த்து, மழைச்சத்தத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"ஆன்ட்டி... தேத்தண்ணி இருக்கா?"