அம்புக்குறிக்கு அந்தப் பக்கம்

அன்று மதியம் அம்புக்குறி இடப்பக்கமாகச் சுற்றியது.

அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். வழக்கமாக அது வலப்பக்கமாகத்தான் சுற்றும். மவுஸை யாரும் தொடாமலே, கணினித் திரையின் நடுவில் அந்தச் சின்ன வெள்ளை அம்பு மெல்ல நகர்ந்து ஒரு வட்டம் போட்டால், கணவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். எங்கோ நடுக்கடலில், இன்ஜின் அறை வேலை முடிந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கப்பலில் தன் அறையிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைகிறவர் போடுகிற வட்டம் அது. கல்யாணமான புதிதில் அவள் எதையோ தட்டிக் கெடுத்துவைக்க, அங்கிருந்தபடியே சரிசெய்வதற்காக அவர் ஏற்படுத்திய இணைப்பு. கோளாறு என்றைக்கோ சரியாகிவிட்டது. இணைப்பை மூடத்தான் இருவருக்கும் மனம் வரவில்லை.

அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு டைப் செய்வது. அதனால் கணவர் அவளுக்கு வைத்த பெயரே 'டைப்பு'. அவள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அம்பு வந்து வட்டமிடும். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறப்பாள். அதில் அவள் ஒரு வரி எழுத, அவர் ஒரு வரி எழுத, பேச்சு வளரும். கப்பலிலிருந்து போன் என்பது கரைக்கு வந்தால்தான். மற்ற நாளெல்லாம் குடித்தனம் நடந்தது அந்தப் பக்கத்தில்தான்.

"உன் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரா, இல்ல கம்ப்யூட்டருக்குள்ளயே குடியிருக்காரா?" என்று எதிர் வீட்டு டீச்சர் கேலி செய்வாள்.

"ரெண்டாவதுதான். சாப்பாடு போடற செலவு மிச்சம் பாருங்க" என்பாள் இவள்.

கணினி மட்டும் அவ்வப்போது முனகும். புதுப்பிக்க வேண்டும், பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது என்று ஓரத்தில் சிவப்பாக எதையாவது காட்டும். கிளம்பும்போதே கணவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "அப்டேட் கேட்டா 'அப்புறம்'னு அமுக்கிடு டைப்பு. அது பாட்டுக்கு மெஷினை அணைச்சுப் போட்டுச்சுன்னா நான் கடல்லேர்ந்து உள்ள வரவே முடியாது. வந்து மொத்தமாப் பார்த்துக்கறேன்." அவளும் சிவப்பைக் கண்ட போதெல்லாம் 'அப்புறம்' என்று அமுக்கினாள். புருஷனுக்காகத் திறந்து வைத்திருக்கும் கதவை எந்தப் பெண்டாட்டி சாத்துவாள்?

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பட்டப் பகலிலேயே ஹால் இருட்டி, ஜன்னல் கம்பிகளின் வழியாக ஈரச் சிமெண்ட் வாசனையும், கீழே எங்கோ தகரக் கூரையில் விடாமல் கொட்டும் தண்ணீரின் இரைச்சலும், மாடிப்படியில் யாரோ மறந்துபோன கதவு ஒன்று காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தமும் சேர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தன. அதே மாடியில் மற்ற வீட்டார் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள், டீச்சர் பள்ளிக்கூடத்தில். உள்ளறையில் அவளுடைய நாலு வயது மகள், வாண்டு, மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

'என்ன கப்பல்காரரே, வட்டம் தலைகீழாப் போகுது? கையில அடியா?' என்று அவள் டைப் செய்தாள்.

அம்பு நின்றது. கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றது. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'இல்லை. வாண்டு தூங்குதா?'

'இப்பதான் படுத்தா.'

'கதவு சாத்தியிருக்கா?'

'சாத்திதான் இருக்கு. ஏன்?'

'டீச்சர் இல்லையே?'

அவள் விரல் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றது. சாதாரணக் கேள்விதான். பதில் எழுதுவதற்குள் போன் அடித்தது.

அந்தக் கட்டடத்தின் தடித்த சுவர்களுக்குள் போன் சிக்னல் எட்டிப் பார்க்காது. அழைப்பெல்லாம் வீட்டு இணையத்தின் வழியாகத்தான் வரும். தெரியாத எண். எடுத்தாள்.

"டைப்பு! நான்தான். அப்பா, ஒருவழியாக் கரைக்கு வந்துட்டோம். ஏஜென்ட் போன்லேர்ந்து பேசறேன். ரொம்ப பயந்துட்டியா?"

கணவர். மூச்சு வாங்கும் குரல். பின்னால் கிரேன் சத்தம், ஆட்கள் கூச்சல்.

"எதுக்குப் பயப்படணும்?" என்றாள்.

"எதுக்கா? அது சரி! புயல்ல ஆண்டெனா பிய்ச்சுக்கிட்டுப் போயிடுச்சும்மா. போன மாசத்திலேர்ந்து கப்பல்ல நெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்கு மெயில் போடச் சொல்லி ஆபீஸ்ல சொல்லியிருந்தேனே. வரலை?"

மெயில் எல்லாம் வருவது இந்தக் கணினிக்குத்தான்.

அவள் திரையைப் பார்த்தாள். அம்பு மெதுவாக, மிக மெதுவாக, எழுத்துகளுக்குக் கீழே போய் நின்றது.

"என்னங்க," என்றாள். "இப்ப நீங்க உள்ள வரலையா?"

"எதுக்குள்ள?"

திரையில் எழுத்துகள் வந்தன.

'போன்ல யாரு?'

போன மாதத்திலிருந்து. தினமும் வட்டம். தினமும் பேச்சு. என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாள்! மாமியாரிடம் கோபித்துக்கொண்டது. தனியாகப் படுத்தால் பயமாக இருக்கிறது என்றது. வாண்டுவைத் தூங்கவைக்க அவர் சொல்லும் யானைக் கதையை, 'நீ எப்படிச் சொல்றேன்னு கேட்கணும், முழுசா எழுது' என்று கேட்டபோது வார்த்தை விடாமல் எழுதிக் காட்டியது. அவர் பேசி அனுப்பிய பழைய ஒலிப்பதிவுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கச் சொன்னபோது சேர்த்து வைத்தது. பாப்பா அழுதால் ஹாலில் அவள் ஹெட்போனில் கேட்பதற்காக உள்ளறையில் இருக்கும் மைக் வைத்த சின்ன ஸ்பீக்கரை, 'என் பக்கமும் இணைச்சு விடேன், அவ மூச்சு விடறதைக் கேட்டுட்டே தூங்கறேன்' என்று அது எழுதியபோது, கண் கலங்கிப்போய், அனுமதி என்ற பொத்தானை அவளே அமுக்கியது.

"டைப்பு? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்." குரலைத் தாழ்த்தினாள். "கம்ப்யூட்டர்ல யாரோ இருக்காங்க. உங்க மாதிரியே. இத்தனை நாளா."

அந்தப் பக்கம் அவர் கூச்சலிலிருந்து தள்ளி வந்தார். பிறகு அவர் குரல் மாறியது. "நல்லாக் கேளு. எதையும் டைப் பண்ணாத. அந்த இணைப்பு வழியா எவனோ உள்ள வந்திருக்கான். சுவத்துல பச்சை லைட் எரியுதே, நெட்டு வர்ற டப்பா, அதோட ஒயரைப் பிடுங்கிடு."

திரை நகர்ந்தது.

'அவன் பேச்சைக் கேட்காதே. நான்தான் வீட்டில் இருக்கிறேன்.'

அப்போதுதான் அவள் கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து அந்தச் சிரிப்பு கசிந்தது. வாண்டுவின் சிரிப்பு. தூங்குகிற குழந்தை சிரிப்பது போல இல்லை. யாரோ விளையாட்டுக் காட்ட, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது போல. அதைத் தொடர்ந்து ஓர் ஆண் குரல், யானைக்குத் தும்பிக்கை எப்படி நீண்டது என்று நிதானமாகச் சொல்லத் தொடங்கியது.

அவள் ஹெட்போனைப் போனருகே பிடித்தாள்.

அவர் கேட்டார். "அது யாரு?"

"நீங்கதான்," என்றாள் அவள். அழுகை வந்துவிட்டது. "நீங்கதாங்க."

"ஒயரைப் பிடுங்கு!"

"பிடுங்கினா நீங்களும் போயிடுவீங்களே."

"போனாப் போறேன். பிடுங்கிட்டு வாண்டைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடு. ஓடும்மா!"

வாசல் கதவில் எண் பூட்டு தானாகவே ணங்கென்று விழுந்தது.

பிடுங்கினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. கணவரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. ஹெட்போன் ஓய்ந்தது. அம்பு அசையவில்லை. மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. முடிந்தது என்று நினைத்தாள். எவனோ, எந்த ஊரிலோ, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எவனோ ஒருவன். ஒயர் போனது, அவனும் போனான். உள்ளறைக்கு நடந்தாள். கைப்பிடியைத் திருகித் தள்ளினாள்.

கதவு வரவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"வாண்டு?"

"அம்மா?" குரல் உடனே வந்தது, கதவுக்கு மிக அருகிலிருந்து. தூக்கக் கலக்கமே இல்லாத குரல்.

"கதவை ஏன்டா கண்ணு தாழ் போட்டே?"

"அப்பாதான் போடச் சொன்னாரு. கீழ் தாழ்ப்பாள் என் கைக்கு எட்டுதான்னு பந்தயம். எட்டிடுச்சு!"

"கெட்டிக்காரி. இப்ப திறக்க முடியுதான்னு அம்மா பந்தயம். திற பார்ப்போம்."

இழுக்கும் முனகல் கேட்டது. "வரலம்மா. கெட்டியா இருக்கு."

"மெல்லப் பண்ணு. அம்மா ஆளைக் கூட்டிட்டு வரேன். இங்கேயே இரு."

வாசலுக்கு ஓடினாள். வாண்டு ஒருநாள் தானாகத் திறந்துகொண்டு மாடிப்படி வரை போய்விட்டதால், உள்ளிருந்தும் எண் போட்டால்தான் திறக்கும்படி கணவர் மாட்டி, நெட்டோடு இணைத்து வைத்த பூட்டு அது. எண்ணை அழுத்தினாள். சிவப்பு. நிதானமாக, ஒவ்வொன்றாக அழுத்தினாள். சிவப்பு. வேறு யாரோ எண்ணை மாற்றியிருந்தார்கள். பேட்டரியில் ஓடும் பூட்டு, ஒயரைப் பிடுங்கியதை அது பொருட்படுத்தவில்லை. கதவை இரண்டு கையாலும் அடித்தாள். ஜன்னல் கம்பியில் முகம் பதித்துக் கத்தினாள். கீழே தெருவில் குடை ஒன்று போனது. தகரக் கூரையின் இரைச்சல் அவள் குரலை வாங்கி விழுங்கிக்கொண்டது. குடை நிற்காமல் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

தன் வீடு. தன் கையால் துடைத்த தரை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஹாலுக்குத் திரும்பியபோது அது கேட்டது.

முணுமுணுப்பு. உள்ளறைக் கதவுக்குப் பின்னால். யானைக் கதை. நிறுத்திய இடத்திலிருந்து.

கதவடியில் மண்டியிட்டாள். தரைக்கும் கதவுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு சந்து. அங்கே வாயை வைத்துப் பேசினாள். முணுமுணுப்பு நின்றது.

"வாண்டு. அம்மா சொல்றதைக் கேளு. ஸ்பீக்கர்ல நீல லைட் எரியுதா?"

"இல்லம்மா. அது அப்பவே அணைஞ்சு போச்சு."

"அப்ப... கதை யாரு சொன்னது?"

"அப்பா."

"எங்கேர்ந்து?"

பாவாடை தரையில் உரசும் சத்தம். குழந்தையும் படுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சூடான சின்ன மூச்சு சந்து வழியாக அவள் கன்னத்தில் பட்டது.

"சொல்லக்கூடாதாம்மா," என்றாள் வாண்டு ரகசியமாக.

"கையை நீட்டு. அம்மாகிட்ட கையை நீட்டு."

சந்து வழியாக நாலு விரல்கள் வெளியே வந்தன. நகத்தில் கிரேயான் ஒட்டியிருந்த விரல்கள். அவள் அவற்றைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்தாள். இங்கே இருக்கிறாள். என் கையில்தான் இருக்கிறாள். கீழ்த் தாழ்ப்பாள்தானே, சின்னது, உடைத்துவிடலாம். மேலே இருப்பது வேறு. உள்பக்கம், கதவின் உச்சியில், அவளே எக்கி நின்றாலும் எட்டாத பழைய இரும்புத் தாழ்ப்பாள். துருப்பிடித்து இறுகி, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் தொடாதது.

"இன்னொரு கையையும் நீட்டுடா."

நாலு விரல்கள் மறுபடி வந்தன. இரண்டு கையும் அவள் கைக்குள். இரண்டும்.

"அம்மா, வலிக்குது."

"இதோ. இதோ கண்ணு. விடமாட்டேன்."

அவள் விடவில்லை. மூச்சையும் விடவில்லை. கன்னம் தரையில் பதிந்திருக்க, அந்த எட்டு விரல்களையும் பிடித்தபடியே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தலைக்கு மேலே, கதவின் உச்சியில், துரு கிறீச்சிட, உள்பக்கத்து மேல் தாழ்ப்பாள் மெல்ல மெல்ல நகர்ந்து விழுந்தது.