பழைய விலாசத்துக்கு வந்த கடிதங்கள்

"அந்த விலாசத்துக்குப் புதுக் கனெக்‌ஷன் தர ஏலா. முன்னம் இருந்த ஆள் காசு கட்டாமப் போயிரிக்காங்க."

இணையக் கம்பனியின் ஏறாவூர்க் கிளையில், கவுண்டரில் இருந்த நிஸ்றா கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆரு? அந்த வதனியா?" கவுண்டர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றவன் சலித்துக்கொண்டான். "வந்தாறுமூலையில நான் வாடகைக்கு வந்த நாள் தொட்டு அவட பேருக்குத்தான் கடிதம். கடனை வெச்சிட்டு ஓடின மனுசி... அதுக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க?"

பக்கத்துக் கதிரையில் இலக்கத் துண்டோடு காத்திருந்த வதனிக்கு முகம் சுட்டது. எழுந்து நின்றாள்.

"ஓடயில்ல. இஞ்சதான் நிக்கிறன்."

அவன் திரும்பினான். மழையில் நனைந்த தலை, ஒரு பக்கம் ஒட்டிப்போன சட்டை... கண்கள் மட்டும் பெரிதாக, திடுக்கிட்டு விரிந்திருந்தன. திருட்டுப் பால் குடித்த பூனை கூட இப்படி முழிக்காது. இவ்வளவு கோபத்திலும் அந்தக் கண்களைக் கவனித்ததற்காக வதனி தன்னையே நொந்துகொண்டாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. சித்தாண்டியில் பாலர் பாடசாலை ரீச்சர். வந்தாறுமூலை வாடகை வீட்டில் அம்மாவோடு இருந்தபோதுதான் இந்த இணைப்பை எடுத்தாள். கட்டாரில் இருக்கும் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. போன மாசியில் அம்மா கண்ணை மூடினாள். பிறகு யார் முகத்தை யார் பார்க்க? வீட்டை விட்டாள், இணைப்பை வெட்டச் சொன்னாள். சித்தாண்டிக்குக் கம்பனியின் கம்பி போகாததால், ஒப்பந்தம் முடியுமுன் வெட்டினாலும் கட்டணம் இல்லை என்று இதே கவுண்டரில்தான் வாயால் சொன்னார்கள். அவளும் நம்பிப் போய்விட்டாள்.

இப்போது சித்தாண்டியில், சித்தப்பா வீட்டு மூலை அறையில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாக இருக்கிறாள். அப்பா உயிரோடிருந்தபோது அவளுக்கென்று எழுப்பிய வீடு, சுவரோடு நின்றுபோய், கூரைக்காகக் காத்துக்கிடக்கிறது. கூரை போட வங்கியில் கடன் கேட்டால், "கிறிப்பில உங்கட பேர் விழுந்திரிக்கே மிஸ்" என்றார் மனேஜர். யார் யார் வாங்கிய கடனைக் கட்டவில்லை என்று வங்கிகள் பார்க்கும் அந்த அறிக்கையில், அவள் பேருக்கு நேரே இணைப்பு வெட்டிய கட்டணம்! இந்த மாத முடிவுக்குள் அதை நீக்கினால் கடன். இல்லாவிட்டால் கூரை இல்லை.

"உங்களுக்குக் கடிதம் ஏழு போயிரிக்கி. போனுக்கும் மெசேஜ் போயிரிக்கி," என்று நிஸ்றா ஓர் இலக்கத்தை வாசித்தாள்.

"அது... எங்கட அம்மாட நம்பர்."

"அவங்கட்டக் கேட்டுப் பாருங்களன்."

"அம்மா இல்ல."

நிஸ்றாவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. மாதக்கணக்காக இந்தக் கம்பனி செத்துப்போன அம்மாவிடம் காசு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வதனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்நியர் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மிஸ்..." அவன் குரல் இறங்கியிருந்தது. "அந்தக் கடிதம் ஏழும் என்னட்ட இரிக்கு. ஒண்டையும் உடைக்கயில்ல."

"தபால்காரரிட்டத் திருப்பிக் குடுத்திருக்கலாமே! ஒரு வார்த்தை... ஆள் இஞ்ச இல்லண்டு!"

"குடுத்திருக்கலாம்..." என்றான்.

மறுநாள் பிள்ளைகள் வீட்டுக்குப் போன நேரம், அயலில் விசாரித்துக்கொண்டு வந்து, பாடசாலை வாசல் படலையில் ஒரு பிஸ்கட் டின்னோடு நின்றான். பேர் வினோஜனாம். கல்குடா ஆள், பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட உதவியாளர். டின்னுக்குள் ஏழு கடிதங்களும் திகதி வாரியாக, கசங்காமல் இருந்தன.

"இப்பிடி அடுக்கி வெக்கத் தெரிஞ்ச ஆளுக்குத் திருப்பி அனுப்பத் தெரியல்லையாக்கும்?"

"எனக்கு ஆரும் கடிதம் போடுறதில்ல ரீச்சர்." அவன் நிலத்தைப் பார்த்தான். "மூண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்டிக் குடுத்து முடிக்கவே இந்த வயசாப் போச்சு. கடைசித் தங்கச்சிக்கு அம்மாட வீடு. எனக்கு வாடகை வீடு. வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறக்க, உள்ளுக்க ஒரு கடிதம் கிடந்தா... வீட்டில இன்னொராள் இரிக்கிற மாதிரி. அவ்வளவுதான்."

மூலை அறையின் கதவைத் திறக்கும் ஒவ்வொரு மாலையும் வதனிக்கு ஞாபகம் வந்தது. அந்த அமைதி இவனுக்கும் தெரியுமா?

"கிணத்தடிக் கறிவேப்பிலை என்ட நெஞ்சு மட்டத்துக்கு வந்திட்டு," என்றான் மெதுவாக. "நான்தான் தண்ணி விடுறனான்."

"அது... அம்மா வெச்சது."

முதல் உறையைக் கிழித்தாள். கம்பனியின் கடிதம்தான். உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது, கட்டணம் எதுவும் அறவிடப்படமாட்டாது... கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. மற்ற ஆறும் இல்லாத அந்தக் கட்டணத்தைக் கேட்டு வந்தவை.

"வெண்டுட்டம்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிச் சிரித்தார்கள். எத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு... அந்தச் சிரிப்போடு கூரைக் கடன், வங்கி சொன்ன மாத முடிவு எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் அவன். "ஆனா இது கொழும்புக்குப் போய் வரச் சுணங்கும் ரீச்சர். உங்கட நாள் தவறிப்போகும். அந்தக் காசை நான் கட்டிவிடுறனே..."

சிரிப்பு அணைந்தது.

"கட்டினா நான் கடன்காரிதான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. உங்கள்ட்டக் காசு கேட்டனா? என்னைப் பாக்கப் பாவமா இரிக்கோ?"

"ஐயோ, அப்பிடியில்ல..."

"போங்க."

போய்விட்டான். டின்னைக்கூட எடுக்கவில்லை. படுக்கப் போகுமுன் அதை நாலு தரம் திறந்து மூடிய வதனிக்குத் தன் நாக்கின் மீதே ஆத்திரம் வந்தது. மன்னிப்புக் கேட்க அவன் போன் நம்பர்கூட இல்லை. வீடு தெரியும்... ஆனால் தான் விட்டு வந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அடுத்த நாள் தனியாகப் போய், வங்கி சொன்ன நாளையும் சொல்லி, முதல் கடிதத்தின் பிரதியை இணைத்து முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினாள்.

"பதில் போட வேண்டிய விலாசத்தைக் கவனமா எழுதுங்க," என்றாள் நிஸ்றா. "இந்த முறையும் பிழைச்சா, நாளும் போயிரும்."

வதனியின் பேனா கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு கடகடவென்று எழுதி, தாளை மடித்துக் கொடுத்துவிட்டாள்.

பிறகு மழை... ஓயாத மார்கழி மழை. ஒரு கிழமை போயிற்று, இரண்டு போயிற்று. பதில் இல்லை. வங்கி சொன்ன கடைசி நாளுக்கு முதல்நாள் பின்னேரம், கூரையில்லாத வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தாள் வதனி. இந்த வருசம் இல்லை, இனி எந்த வருசமோ என்று மனம் சோர்ந்து கிடந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

தொப்பலாக நனைந்து நின்றான் வினோஜன். சட்டைக்குள் கையை விட்டு, பொலித்தீனில் சுற்றிய உறையை எடுத்தான். அது மட்டும் நனையவில்லை.

"கம்பனிக்குப் புத்தி வராது ரீச்சர். இதையும் என்ட வீட்டுக்கே அனுப்பியிரிக்கு! மத்தியானம் சாப்பிட வந்த நேரம் கிடந்திச்சு. அரை நாள் லீவு போட்டிட்டு, பாடசாலையடியில விசாரிச்சு ஓடி வாறன்."

வாசலுக்கு மேலே நீட்டியிருந்த கொங்கிறீட் சிலாப்புக்கு அடியில் ஒதுங்கிப் பிரித்தாள். தவறுக்கு வருந்துகிறோம்... பதிவு நீக்கப்பட்டது... எழுத்துகள் கலங்கின. இம்முறை அவள் அழுகையை அடக்கவில்லை.

"அண்டைக்குக் காசு கட்டுறன் எண்டது பாவம் பாத்தில்ல," என்றான் மழையில் நின்றபடி. "கடிதத்தை வெச்சிருந்து பிழை விட்டது நான். அதான்... இனி வீட்டுக்கு ஒரு கடிதமும் வராது. வராட்டி வீடு முந்தி மாதிரி இல்ல ரீச்சர். உங்கட பேரை வாசிச்சு வாசிச்சு..." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். "எனக்கெண்டு ஒரு வீடும் இல்ல. நம்மட ஊர் வழக்கத்துக்கு மாப்பிள்ளைதான் பொண்ணுட வீட்டுக்கு வாற... வரட்டா எண்டு கேக்கத்தான் பயமாக் கிடக்கு."

வதனி கண்ணைத் துடைத்தாள். கடிதத்தைப் பழையபடி பொலித்தீனில் சுற்றினாள்.

"கம்பனியில பிழையில்ல," என்றாள்.

"என்ன?"

"படிவத்தில அந்த விலாசத்தை எழுதினது நான்தான்."

"நான் கொண்டு வராம விட்டிருந்தா... உங்கட கூரை?"

"போயிருக்கும்." அவனுடைய அந்தப் பெரிய கண்களை இப்போது நேராகவே பார்த்தாள். "கொண்டு வருவீங்க எண்டு தெரியும்... மழைக்குள்ள நிக்காம உள்ளுக்கு வாங்க."

அவன் உள்ளே வந்தான். உள்ளேயும் மழைதான் பெய்துகொண்டிருந்தது.