பால் கக்காத மத்தியானம்

பிள்ளையின் கழுத்தடியில் விரித்திருந்த துணி காய்ந்து கிடந்தது. முப்ஷிரா மறுபடியும் தடவிப் பார்த்தாள். ஏழாம் மாசமே பிறந்துவிட்ட ஜாஸிம், குடித்த பாலில் பாதியைக் கக்காமல் கண் மூடியதே இல்லை. இன்றைக்குப் பொட்டுப் பால்கூட மேலே வரவில்லை.

"கக்கலேன்னா பயமே இல்ல பிள்ளே, நீயும் கொஞ்சம் உறங்கு" என்று சொல்லிவிட்டு மாமியார் ஜொஹரா பேகம் வடசேரிச் சந்தைக்குப் போயிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வேறு மாதிரிச் சொன்னார். "பால் மேல வாறதும் மூச்சு நிக்கதும் எப்பவும் சேந்தே வராதும்மா. துணியைப் பாக்காதீங்க, பிள்ளையைப் பாருங்க. மூச்சு நின்னா உள்ளங்காலைச் சுண்டுங்க." ஆனால் மூச்சு நின்றபோதெல்லாம் துணி நனைந்திருந்ததை முப்ஷிரா தன் கண்ணால் கண்டிருக்கிறாளே.

பிள்ளையின் தலைமாட்டில் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. சவூதியில், தம்மாமில் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்த புருஷன் அனஸ், "கட் பண்ணாதட்டி, பிள்ள மூச்சைக் கேட்டுட்டே உறங்குகேன்" என்றிருந்தான்.

பாழாய்ப்போன கரண்ட் போனது. மின்விசிறி முனகி நிற்க, ஜன்னல் அடைத்த அறையின் இருட்டில் பால் புளித்த வாடையும் பவுடர் மணமும் கெட்டியாக இறங்க, கோட்டாறுத் தெருவின் ஆட்டோச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் அமிழ, கண்ணை மூடிக் கிடந்தவளின் காதருகே மூச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது. உள்ளே. வெளியே. ஜாஸிமின் மூச்சு எப்போதும் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்று இடறாமல், நீளமாக, நிதானமாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறிவிட்டான்! அவன் பிறந்த நாள் முதல் கண் அசராதவள், அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே உறங்கிப்போனாள்.

விழித்தபோதும் மூச்சு வந்துகொண்டிருந்தது.

நடுவில் ஓர் இருமல்.

ஆம்பிளை இருமல்.

போனிலிருந்து.

இருட்டில் கை துழாவியது. துணி காய்ந்துதான் இருந்தது. உள்ளங்கால் ஜில்லென்றிருந்தது. சுண்டினாள். மறுபடி சுண்டினாள். நெஞ்சில் கை வைத்தாள். அசைவில்லை. "மச்சான்" என்று புருஷனைக் கத்திக் கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மூச்சுதான் இரைத்தது.

அனஸ் உறக்கச் சடவில் சிரித்தான்.

"ஏட்டி, இன்னைக்கு நல்லா மூச்சு விடுகான் என்னா? எனக்கே கேக்கு."

முப்ஷிரா ஒரு கையால் தன் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

அறையில் சத்தமே இல்லை.

"ஏட்டி... மூச்சு நின்னுட்டே! காலைச் சுண்டு! காலைச் சுண்டுட்டி!"

அவள் சுண்டிக்கொண்டிருந்தாள்.