காளனின் துப்பாக்கி

"பள்ளத்துல இறங்கிட்டா இருட்டறதுக்குள்ள ஏறிடணும். வேற வழி கிடையாது" என்று சொல்லிவிட்டு மாதன் கயிற்றைப் பிடித்து இறங்கினான். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் பின்னாலேயே வழுக்கி வழுக்கி இறங்கினார்கள்.

மாதன் வேட்டைத் தடுப்புக் காவலன். அவன் தம்பி காளனுக்கும் அதே வேலைதான். போன வாரம் தனியாக ரோந்து போன காளன் திரும்பவில்லை. அவன் துப்பாக்கியும் வரவில்லை. சந்தனக் கட்டை கடத்துகிறவர்களிடம் துப்பாக்கியை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று டீக்கடையில் பிறந்த பேச்சு, வனக் காவலர் முகாமுக்குள்ளேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. காளனின் மனைவி கெம்பி தண்ணீர் பிடிக்கப் போனால்கூட அவள் காதுபடவே திருடன் பெண்டாட்டி என்றார்கள். அந்தப் பழியைத் துடைக்கத்தான் இந்தப் பயணம். தம்பி உயிரோடு இருப்பான் என்ற நம்பிக்கை மாதனுக்கே பாதி போய்விட்டது.

நடுவில் வந்தவர் ரேஞ்சர் எஸ்தர். கடைசியில் மூச்சிரைக்க வந்தவர் சவரிமுத்து. முகாமின் ஆயுத அறை அவர் பொறுப்பு. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அவர் துடைத்த துப்பாக்கியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

எஸ்தரிடம் புது ரகத் துப்பாக்கி இருந்தது. காளனிடம் இருந்ததும் அதே ரகம்தான். மாதன் மட்டும் யாரும் தொடாத பழைய, கனத்த துப்பாக்கியைத் தூக்கி வந்தான். இதற்கு ஓர் உரலைச் சுமந்து வந்திருக்கலாமே என்று சவரிமுத்து சீண்டிப் பார்த்தார். மாதன் சிரிக்கவில்லை. அவரும் விட்டுவிட்டார்.

பள்ளத்தின் அடியில் நடுப்பகலிலும் வெளிச்சம் செத்துக் கிடந்தது. மூங்கில் புதர், அட்டைகள், அழுகல் வாடை. ஒரு முள்ளில் காக்கித் துணிக் கிழிசல் தொங்கியது. மாதன் அதைத் தொடப் போனான். அதே நொடியில் எதிரே மூங்கில்கள் படபடவென முறிந்தன. ஒற்றைக் கொம்பன்!

எஸ்தர் வானத்தை நோக்கிச் சுட்டார். அடுத்தடுத்து நாலு வெடி கேட்டால்தான் யானை மிரளும். ஒரு வெடி அதன் கோபத்தைத்தான் கிளப்பும். எஸ்தர் மறுபடி விசையை அழுத்தினார். சத்தமே இல்லை. மீண்டும் அழுத்தினார். ஊகூம். யானை காதுகளை விரித்துத் திரும்பியது.

"பாறைக்குப் பின்னாடி போங்கம்மா" என்ற மாதன், உரல் என்று பெயர் வாங்கிய பழசைத் தூக்கி வானத்தில் சுட்டான். டுமீல், டுமீல், டுமீல், டுமீல்! பள்ளமே அதிர்ந்தது. யானை பிளிறிக்கொண்டு எதிர்ச் சரிவில் ஏறி மறைந்தது.

பாறைக்குப் பின்னால் காளன் கிடந்தான். யானை மிதித்து, இறந்து பல நாள் ஆகியிருந்தது. கை இன்னும் துப்பாக்கியை விடவில்லை. மாதன் தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் முகத்தில் ஒட்டியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். பிறகு வாய்விட்டு அழுதான்.

சவரிமுத்து அந்தத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார். சுட்ட ஒரு தோட்டாவின் காலி உறை உள்ளேயே சிக்கியிருந்தது. குழலின் மேல் கேஸ் பிளாக் என்ற சிறு இரும்புத் துண்டு உண்டு. வெடிக்கும்போது எழும் வாயுவில் கொஞ்சத்தை அது திருப்பி அனுப்பினால்தான் அடுத்த தோட்டா தானாக ஏறும். அது விரற்கடை தூரம் முன்னால் நகர்ந்திருந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூவும் காணவில்லை. எஸ்தரின் துப்பாக்கியை வாங்கித் தொட்டார். அதிலும் அந்தத் துண்டு ஆடியது. பழைய துப்பாக்கியில் அந்தத் துண்டைக் குழலோடு சேர்த்துக் குறுக்கே ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். அது அசையவே இல்லை.

ஸ்க்ரூ இருந்த துளையோரத்தைச் சவரிமுத்து விரலால் தடவிப் பார்த்தார். ஸ்க்ரூ கழலாமலிருக்க அதன் தலையோரம் உளியால் தட்டி நசுக்கி வைப்பார்கள். பார்க்க வடு மாதிரி அசிங்கமாக இருக்கும். போன ஆய்வுக்கு முன் அந்த வடுக்களை அரத்தால் ராவி, புது ஸ்க்ரூ போட்டு, கறுப்பு பூசிப் பளபளக்க வைத்தவர் அவரேதான். அதற்காகக் கைதட்டலும் வாங்கினார். இறுக்கித்தானே வைத்திருக்கிறோம் என்று நினைத்தார். ஒவ்வொரு வெடிக்கும் சூடேறி, ஆறி, அதிர்ந்து, மாதக்கணக்கில் அது மெல்ல மெல்லத் தளர்ந்திருக்கிறது.

துப்பாக்கியை எட்டிப் பார்த்த எஸ்தருக்கும் விஷயம் புரிந்தது. மழையில் துருப்பிடித்து விட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார், மெதுவாக. சவரிமுத்து மூங்கில் வெட்டப் போனார். காளனைப் பாடையில் கட்டி, கயிறு போட்டு இழுத்து, பொழுது சாய்வதற்குள் மேலே ஏறினார்கள்.

முகாம் வாசலில் ஊரே கூடிவிட்டது. கெம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாதனைப் பார்த்தாள்.

"ஓடலயே மாமா?"

"ஓடலம்மா. நின்னு சுட்டிருக்கான்."

சவரிமுத்து அவள் அருகே போய், தாழ்ந்த குரலில், ராவிய வடு முதல் கழன்ற ஸ்க்ரூ வரை எல்லாவற்றையும் சொன்னார். கை கூப்பியிருந்தார். அவள் கடைசிவரை கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"எங்கிட்ட எதுக்குங்க ரகசியமா சொல்றீங்க? அவரைத் திருடன்னது அவங்கதான்" என்று கூட்டத்தைக் காட்டினாள்.

சவரிமுத்து தொப்பியைக் கழற்றினார். காளனின் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே போய் நின்று, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.